ரூடி மாக்கெலாவின் நடுப்படங்கள்

ரூடி மாக்கெலாவை நான் முதன்முதலாகச் சந்தித்த அன்று அவர் என்னைப் பனியில் பாதி புதைத்துவிட்டார்.

வடக்கே ஏரியோரச் சுரங்க ஊரான ஹான்காக்கில் அது எனக்கு முதல் குளிர்காலம். குவின்சி தெருவில் பேருந்துக்காக நின்றிருந்தேன். நடைபாதைப் பனியை வாரி ஒதுக்கும் சின்ன ஆரஞ்சு வண்டி ஒன்று மூலை திரும்பி வந்தது. அது வீசியெறிந்த பனி இடுப்புவரை என்மேல் விழுந்தது. வண்டி நின்றது. கதவைத் திறந்து செந்தாடிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"உசுரோட இருக்கியா தம்பி?"

"இருக்கேன்."

"காது ரெண்டும் இருக்கான்னு தொட்டுப் பாரு. இந்த ஊர்ல மொதல்ல போறது அதுதான்."

உள்ளே ஏற்றிக்கொண்டார். ஹீட்டர் முன்னால் கையைக் காட்டச் சொன்னார். என்ன படிக்கிறாய் என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். யாரிடம் பேசினாலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். அவரிடமும் சொன்னேன்.

"நானும் எங்க குடும்பத்துல மொதல் ஆளுதான்," என்றார்.

"எதுல?"

"அத அப்பறம் சொல்றேன். நீ என்ன படிக்கிறன்னு இன்னும் சொல்லல."

"வீடியோவுல அடுத்தடுத்து ரெண்டு படம் இருக்கும்ல? அதுக்கு நடுவுல இல்லாத ஒரு படத்தைக் கணக்குப் போட்டு வரையறது. அப்பத்தான் ஓட்டம் வழுவழுன்னு தெரியும்."

வண்டியை நடுத்தெருவிலேயே நிறுத்திவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தான். ரூடி காதில் வாங்கவில்லை.

"நெசமாவா? அதத்தாண்டா நான் எங்க வீட்டு அடித்தளத்துல வருசக் கணக்கா பண்ணிட்டிருக்கேன்! சனிக்கெழம வா. சாப்பாடு லோர்னா கொண்டாருவா."

சனிக்கிழமை போனேன். அடித்தளத்தில் பாதி நீராவிக் குளியலுக்கான சானா அறை, பாதி விளையாட்டு அறை. சூடான பலகை வாசனைக்கு நடுவே குண்டுக் கண்ணாடி வைத்த பழைய டிவி. அதன்கீழ் மஞ்சளேறிய ஒரு கேம் பெட்டி. எதிரே சோபா. சோபாவில் லோர்னா டெர்வோ, மடியில் துண்டு சுற்றிய பேஸ்டிகளோடு, இறைச்சியும் கிழங்கும் வைத்துச் சுட்ட மாவுப் பொதிகளோடு, உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் பேஸ்டி கடை அவருடையது. ரூடியும் அவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளிகள். அவர் விளையாட மாட்டார். பார்ப்பார். ரூடி விளையாடுவதை அவரளவுக்குப் பார்த்தவர் உலகத்தில் வேறு யாருமில்லை.

விளையாட்டின் பெயர் 'கோல்ட் ஸ்டீப்பிள்'. கையில் லாந்தர் பிடித்த குட்டி மனிதன் ஒருவன் உயர்ந்த மணிக்கூண்டுக்குள் ஏறுகிறான். கீழிருந்து கறுப்புத் தண்ணீர் ஏறிவருகிறது. திட்டுக்குத் திட்டு தாவ வேண்டும். தண்ணீர் லாந்தரைத் தொட்டால் திரை இருண்டுவிடும், அவ்வளவுதான். உச்சியில் இருக்கும் மணியை எட்டிப்பிடித்து அடித்தால் முடிந்தது. இதை யார் மிக வேகமாக முடிக்கிறார்கள் என்று உலகம் முழுக்கப் பெயர்களை வரிசைப்படுத்தி ஓர் இணையப் பக்கம் வைத்திருக்கிறது. அந்தக் கூட்டத்தார் அதைப் பலகை என்பார்கள். பலகையின் உச்சியில் ஒரு பெயர் எட்டு வருடமாக அசையாமல் இருந்தது. ஆர். மாக்கெலா, ஹான்காக்.

"மொதல் ஆளுன்னேன்ல," என்றார் ரூடி. "எங்கப்பா சுரங்கத்துல எறங்குனாரு. தாத்தாவும் எறங்குனாரு. ஏறுனது நான் ஒருத்தன்தான்."

"டிவிக்குள்ள ஏறுன," என்றார் லோர்னா.

"எங்க ஏறுனா என்னடி? ஒலகத்துலயே ஒசரம்."

அப்புறம் தன் வீடியோவைப் போட்டுக் காட்டினார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்தப் பழைய பெட்டி நொடிக்கு முப்பது படம்தான் தரும். குட்டி மனிதன் விட்டுவிட்டுத்தான் நகருவான். ரூடியின் வீடியோவில் அவன் தண்ணீரில் விட்ட எண்ணெய் போல வழுக்கிக்கொண்டு ஏறினான். பதிவு செய்த ஓட்டத்தை ஒரு மென்பொருளில் இருமுறை போட்டு, ஒவ்வொரு இரண்டு படத்துக்கும் நடுவே புதிய படங்களை வரையவைத்திருந்தார். லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்திருந்தார்கள். 'கோல்ட் ஸ்டீப்பிள் இவ்வளவு அழகா?' என்று கீழே எழுதியிருந்தார்கள்.

"ஆனா ஒண்ணு தம்பி," என்று ரூடி விரலை நீட்டினார். "வழுவழுப்பு சோபாவுக்குத்தான். வெரலுக்கு ஆகாது. புது டிவியில எல்லாம் இது உள்ளயே வருது. அதப் போட்டுட்டு வெளையாடுன, செத்த."

எனக்குத் தெரிந்த பாடம்தான். நடுப்படத்தை வரைய வேண்டுமானால் அடுத்த உண்மைப் படம் வரும்வரை டிவி காத்திருக்க வேண்டும். அதனால் திரையில் தெரிவது எப்போதும் சற்றுமுன் நடந்தது. பார்ப்பவனுக்கு அது தெரியாது. தாவுகிறவனுக்கு, காலடியில் திட்டு இருப்பதாகத் தெரியும்போதே திட்டு போயிருக்கும்.

"எனக்கு இதெல்லாம் ஒரு எழவும் புரியாது," என்றார் லோர்னா. "குதிச்சுக் குதிச்சுத் தெரிஞ்சா எனக்குத் தல சுத்தும். ரூடியோட வீடியோ வெண்ணெ மாதிரி இருக்கும். அது போதும்."

இதை அன்றைக்குச் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

ஊரில் இந்தக் கூட்டத்தார் இருபது முப்பது பேர் உண்டு. குளிர்காலத்தில் ஒருமுறை ஃபின்னியர் மன்றத்தில் கூடுவார்கள். அவரவர் டிவியை அவரவரே போர்வை சுற்றித் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தக் கூடத்துக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. தோற்றவன் டிவியைக் குறை சொன்னால் அன்றைய காபிப் பானைகளை எல்லாம் அவன்தான் கழுவ வேண்டும். பானைகள் ஒவ்வொன்றும் குழந்தையைக் குளிப்பாட்டும் அளவு இருக்கும். அடியில் பிடித்த கறை சுரண்டினாலும் போகாது. அதனால் யாராவது தோற்று எழுந்ததும் கூடமே ஒரே குரலில், "டிவியா?" என்று கேட்கும். தோற்றவன் வாயை மூடிக்கொண்டு இல்லையென்று தலையசைப்பான். சட்டத்தைக் கொண்டுவந்தவர் ரூடிதான். அவருடைய குரல்தான் அதில் எல்லாவற்றையும்விட ஓங்கி ஒலிக்கும்.

என் இரண்டாம் குளிர்காலத்தில் பலகையில் ஒரு மாற்றம் வந்தது.

எங்கோ ஒருவன் இரண்டு மூன்று ஓட்டங்களின் நல்ல பகுதிகளை வெட்டி ஒட்டி ஒரே ஓட்டம் போலக் கொடுத்துப் பிடிபட்டான். உடனே பலகைக்காரர்கள் பழைய சாதனைகள் அனைத்தையும் படம் படமாகத் திரும்பச் சோதிக்கப்போவதாக அறிவித்தார்கள். பட்டியலின் அடியிலிருந்து தொடங்கி மேலே வருவார்களாம். நிரூபிக்க முடியாத பெயர்மேல் கோடு விழும். பக்கத்தில் 'மோசடி' என்று எழுதப்படும். சோதனைக்குத் தலைவர், தெற்கேயுள்ள கிராண்ட் ரேப்பிட்ஸ்காரர் டெஸ்மண்ட் ப்ரூவிட்.

வாரத்துக்கு ஒன்றிரண்டு கோடுகள் விழுந்தன. முதலில் அடியில், பிறகு நடுவில், பிறகு அதற்கும் மேலே. ரூடி மதிய இடைவேளையில் பனிவண்டியை ஓரம்கட்டிவிட்டு கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் இருந்தால் என்னிடமும் காட்டுவார்.

"தண்ணி ஏறுது பாரு," என்பார்.

"உங்களுக்கென்ன பயம்? ஒழுங்கா ஏறுனவர்தானே நீங்க?"

கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்புவார். ஒருநாள் காரணத்தைச் சொன்னார். மூல வீடியோ அவரிடம் இல்லை. அப்போதெல்லாம் கணினியில் இடம் பற்றாது. வழுவழுப்பான வீடியோவை ஏற்றியதும் மூலத்தை அழித்துவிடுவார். அது அழுக்கு நகல், இது சுத்த நகல் என்று அவருக்கு எண்ணம்.

நான் அந்த வீடியோவை வாங்கிக்கொண்டு போனேன். நாலுக்கு ஒன்றாகப் படங்களைப் பிரித்தெடுத்தால் நடுவில் வரைந்தவை போய் உண்மைப் படங்கள் மிஞ்சும் என்று நம்பினேன். மிஞ்சவில்லை. இருமுறை மென்பொருளில் போட்டதில் உண்மைப் படங்களும் சேர்ந்து தேய்ந்து கலந்திருந்தன. எது பெட்டி வரைந்தது, எது யூகம் என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியவில்லை. ஓடும்போது வெண்ணெய் போலிருந்த ஓட்டம், நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோது பயமுறுத்தியது. குட்டி மனிதன் சட்டென்று திரும்பும் இடங்களில் முகம் உருகி வழிந்தது. ஒரு படத்தில் இரண்டு லாந்தர். கடைசித் தாவலில், மணிக்குக் கீழே, பாதி உடம்பு சுவருக்குள்ளும் பாதி வெளியிலுமாக, வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டையோடு அவன் தொங்கிக்கொண்டிருந்தான். அந்த விளையாட்டு அப்படி ஒரு படத்தை ஒருநாளும் வரைந்ததில்லை.

ரூடியிடம் அதைக் காட்டவில்லை. காட்ட வேண்டிய அவசியமும் வரவில்லை. அடுத்த வாரமே டெஸ்மண்ட் அந்தப் படத்தைப் பலகையில் போட்டு, "இதற்கு விளக்கம் தேவை" என்று எழுதினார்.

லோர்னா கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்து பலகைக்கு எழுதினார். "அன்னிக்கு நான் அந்த சோபாவுலதான் இருந்தேன். அவன் ஏறுனத என் ரெண்டு கண்ணால பாத்தேன்." அவ்வளவுதான் எழுதினார். அதன்கீழ் ஊர்பேர் தெரியாதவர்கள் எழுதியதை நான் இங்கே எடுத்துச் சொல்லப்போவதில்லை. பொய்சாட்சி என்பதுதான் அதில் நாகரிகமான சொல். யாரோ அவர் கடையின் பெயரைக் கண்டுபிடித்தார்கள். அந்த மாதம் முழுக்கக் கடைக்குத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் மறுமுனையில் மணியோசை மட்டும் கேட்கும். விளையாட்டில் வரும் அதே மணி. அப்புறம் வைத்துவிடுவார்கள்.

"வேணாம் லோர்னா, இனிமே நீ ஒண்ணும் எழுதாத," என்றார் ரூடி.

"ஏன்? நான் பாத்தத நான் சொன்னா தப்பா?"

"தப்பில்ல. ஆனா என் பேரு போனா எனக்குப் போகட்டும். ஒன் கட போகக்கூடாது."

"பேரு போயிருமாம்ல. போக்கத்தவனே, அதுக்கு முன்னாடி நீ திரும்ப ஏறிக்காட்டு."

அதற்கடுத்த திங்கட்கிழமை நகராட்சிக் கொட்டகையில் ரூடியின் வண்டி முன்கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அச்செடுத்த படம். பாதி உடம்பு சுவருக்குள், வாயில் ஓட்டை. பசையை நல்லபடியாகப் பூசி ஒட்டியிருந்தார்கள். வெளியூர்க்காரன் இங்கே வந்து அதைச் செய்திருக்க முடியாது. கொட்டகைச் சாவி ஊர்க்காரர்களிடம்தான் இருந்தது. ரூடி யாரையும் கேட்கவில்லை. கத்தியால் சுரண்டினார். காகிதம் வந்தது. பசை வரவில்லை. அன்று முழுக்க அந்தத் தடத்தின் வழியாகவே பாதையைப் பார்த்து ஓட்டினார்.

லோர்னா சொன்னதையே பிறகு டெஸ்மண்டும் வேறு வார்த்தையில் சொன்னார். குளிர்காலக் கூட்டத்துக்கு நேரில் வருகிறேன், எல்லார் முன்னாலும் ஒருமுறை ஏறிக்காட்டட்டும், பழைய நேரத்தை எட்டினாலும் போதும், கோடு விழாது என்றார். ஒரே நிபந்தனை. ரூடி தன்னுடைய சாமான் எதையும் கொண்டுவரக்கூடாது. பெட்டியும் கைப்பிடியும் டெஸ்மண்ட் கொண்டுவருவார். டிவியை மன்றம் கொடுக்க வேண்டும்.

மன்றத்தின் பொறுப்பாளர் லோர்னா. தன் வீட்டுக் கூடத்திலிருந்த பெரிய புது டிவியைக் கழற்றிக் கொண்டுவந்தார்.

ரூடி ஒரு மாதமாகப் பயிற்சி எடுத்திருந்தார். நானே அடித்தளத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு முறை பழைய நேரத்தைத் தாண்டினார். விரல்கள் தாமாகப் போயின. அவருடைய ஓட்டத்தில் தண்ணீர் திரைக்குள் வரவே வராது. அது எங்கோ கீழே இரைந்துகொண்டிருக்கும்.

கூட்டத்தன்று காலையிலிருந்தே வானம் தகரம் போலிருந்தது. ஏரிப் பக்கமிருந்து பெரும்பனி வருகிறது, மதியத்துக்குமேல் நெடுஞ்சாலையை மூடுவார்கள் என்று வானொலி சொன்னது. டெஸ்மண்ட் அதற்குள் தெற்கே போயாக வேண்டும். ஆகவே ஒரே ஓட்டம். நடுவில் நிறுத்தக்கூடாது. மின்சாரம் போனாலொழிய மறுவாய்ப்பு கிடையாது.

டெஸ்மண்ட் நான் எதிர்பார்த்தது போல இல்லை. மூக்குக்கண்ணாடி வைத்த மெலிந்த ஆசாமி. பள்ளி ஆசிரியராம். எல்லாரிடமும் பணிவாகப் பேசினார். பெட்டியைத் திறந்து காட்டினார். டிவியின் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, வழுவழுப்பை நிறுத்தி, விளையாட்டுக்குரிய முறையில் வைத்தார். ரூடியும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்.

"உங்களுக்குத் திருப்திதானே மிஸ்டர் மாக்கெலா?"

"திருப்தி."

"நான் உங்க வீடியோவ சின்னப் பையங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கேன். இது சரியா வரணும்னு எனக்கும் ஆசைதான்."

சாப்பாட்டுக்கு எல்லாரும் அடுக்களைப் பக்கம் போனோம். நான் ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி எடுக்க வந்தபோது கூடத்தில் லோர்னா மட்டும் டிவி முன்னால் நின்றிருந்தார். ஒரு கையில் ரிமோட், இன்னொரு கையில் கைப்பேசி. துடைக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு ரொட்டியோடு போய்விட்டேன்.

மேடையில் ரூடி எங்களைப் பார்த்து உட்கார்ந்தார். டிவியின் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எங்களுக்காகச் சுவரில் பெரிய திரை. பெட்டியிலிருந்து அதற்குத் தனியாகக் கம்பி போனது. டெஸ்மண்ட் முன்வரிசையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தார். எனக்கு இப்புறம் சக் போஷாம். பிரெஞ்சு வம்சம், மரவெட்டி, வாய் மூடாதவர். லோர்னா மேடைக்குப் பக்கவாட்டில் அடுக்களைக் கதவோரம் நின்றார். அங்கிருந்து அவருக்கு ரூடியின் டிவி தெரியும்.

விளையாட்டின் தொடக்க மணி அடித்தது. குட்டி மனிதன் ஓடினான். முதல் தாவல் எந்தக் குழந்தைக்கும் வரும். அவன் திட்டுக்கு எட்டாமல் விளிம்பில் விரலால் தொங்கினான்.

கூடம் சிரித்தது. "என்ன ரூடி, பனிவண்டி கியர்லயே இருக்கியா?" என்றார் சக்.

ரூடி சிரிக்கவில்லை. கைப்பிடியைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி லோர்னாவைப் பார்த்தார். லோர்னா முகமெல்லாம் சிரிப்பாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அந்த ஒரு நொடி ரூடியின் முகத்தில் ஏதோ அணைந்ததைப் பார்த்தேன். எனக்கு அப்போது அது புரியவில்லை. அவர் குனிந்து மறுபடி ஏற ஆரம்பித்தார்.

அவர் அப்படி விளையாடி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு தாவலுக்கும் முன்கூட்டியே அழுத்தினார். சிலது அதிகம் முந்தியது, சிலது பிந்தியது. குருடன் படியிறங்குவது போல இருந்தது. நெற்றியில் வியர்வை வழிந்தது. சுவர்த் திரையில், அவருடைய ஓட்டத்தில் நான் ஒருநாளும் பார்த்திராத கறுப்புத் தண்ணீர் கீழ் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. சிரிப்பு நின்றது. வெளியே காற்று கூரைத் தகட்டைப் பிடித்து உலுக்கியது. தண்ணீர் குட்டி மனிதனின் செருப்பைத் தொட்டது, விட்டது, மறுபடி தொட்டது.

பாதிக்குமேல் அவர் விரல்களுக்குப் பிடி கிடைத்துவிட்டது. திரையைப் பார்க்காமல் மனசுக்குள் இருந்த கூண்டில் ஏறினார் என்றுதான் நினைக்கிறேன். இழந்த நேரத்தைத் திரும்பப் பிடித்தார். டெஸ்மண்ட் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "வாடா, வாடா," என்று சக் முனகினார். மணிக்குக் கீழே கடைசித் திட்டு. அது ஆடும் திட்டு. அது மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி ஆடும். அதை மனப்பாடத்தில் தாண்ட முடியாது. கண்ணால் பார்த்தாக வேண்டும்.

ரூடி பார்த்துத்தான் தாவினார். அவர் பார்த்த இடத்தில் திட்டு இல்லை.

குட்டி மனிதன் லாந்தரோடு தண்ணீருக்குள் போனான். திரை இருண்டது.

டெஸ்மண்ட் எழுந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கங்க மிஸ்டர் மாக்கெலா," என்றார். நிஜமாகவே வருந்தினார்.

வழக்கமாகக் கூடமே கேட்கும் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை. கடைசியில் சக் எழுந்தார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"சொல்லு ரூடி. டிவியா? டிவி மேல போடு. இன்னிக்குப் பானைய நான் கழுவறேன்."

எல்லாரும் ரூடியைப் பார்த்தோம். ரூடி லோர்னாவைப் பார்த்தார். லோர்னா இடுப்பில் கட்டிய சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டிவியில ஒரு கொறையும் இல்ல," என்றார் ரூடி.

எழுந்து, கோட்டின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, நேராக அடுக்களைக்குப் போனார். தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது. பானையைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"இவன் ஏன் கழுவறான்? இவன்தான் டிவிய ஒண்ணும் சொல்லலையே," என்றார் சக்.

டிவியை மூட்டைகட்ட லோர்னாவுக்கு உதவினேன். அவர் ரிமோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டே தழுதழுத்த குரலில் சொன்னார்.

"கடசி வரைக்கும் வந்துட்டான்ல? படம் நல்லா வெண்ணெயாட்டம் இருந்துதுப்பா. காலைல அந்தாளு எத எதையோ அமுக்கி, குதிச்சுக் குதிச்சுத் தெரிய வச்சுட்டுப் போயிட்டாரு. பாவம், ரூடிக்குப் புடிக்காதேன்னு சாப்பாட்டு நேரத்துல நான்தான் போன்ல தேடிப் பாத்துச் சரிபண்ணி வச்சேன்."

போர்வையை அப்படியே போட்டுவிட்டு அடுக்களைக்கு ஓடினேன். ரூடி முழங்கைவரை நுரையோடு பானைக்குள் குனிந்திருந்தார்.

"ரூடி! டிவியில அது போட்டிருந்துச்சு!"

"தெரியும். மொத தாவல்லயே தெரிஞ்சிருச்சு."

"அப்ப ஏன் நிறுத்தல? டெஸ்மண்ட் இன்னும் போகல. வெளிய கார் மேல பனி தட்டிட்டிருக்காரு. நான் போய்ச் சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ? அவரு சோதிச்சு வச்ச டிவிய எனக்காக யாரோ மாத்திட்டாங்கன்னா? யாருன்னு கேப்பாரு."

கதவுப்பிடியில் வைத்த கையை எடுத்தேன்.

"ஒம்பது வருசத்துக்கு முன்னாடி நான் ஏறுனதுக்கு ஒரே சாட்சி அவ. இன்னிக்கு டிவிய மாத்துனதும் அவ. இது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு அவனுக என்ன எழுதுவானுகன்னு நெனச்சுப் பாரு. சும்மா பாத்தேன்னு சொன்னதுக்கே மாசம் முழுக்க மணி அடிச்சானுக." பானையைத் திருப்பிப் போட்டுச் சுரண்டினார். "அவளுக்குத் தெரிஞ்சா, அவ தூங்க மாட்டா."

"ஆனா உங்க பேரு..."

"அத விடு. இந்தத் துணியப் புடி. அந்தப் பானையத் தொடை."

நான் துடைத்தேன். ஜன்னலுக்கு வெளியே டெஸ்மண்டின் கார் விளக்குகள் திரும்பி, பாலத்துப் பக்கம் போய், பனிக்குள் மறைந்தன.

திங்கட்கிழமை கோடு விழுந்தது.

நான் பட்டம் வாங்கி வேலை கிடைத்துத் தெற்கே வந்து மூன்று வருடமாகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஹான்காக் போவேன். நடந்ததை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. லோர்னாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ரூடி மாக்கெலாவுக்கு இப்போது ஐம்பத்தோரு வயது. அதே வீட்டில் தனியாக இருக்கிறார். நகராட்சியில் அதே நடைபாதை வண்டியைத்தான் ஓட்டுகிறார். பழைய டிவியையும் கேம் பெட்டியையும் யாருக்கோ கொடுத்துவிட்டார். அடித்தளத்தில் சானா மட்டும் இருக்கிறது. குளிர்காலக் கூட்டங்களுக்கு அவர் போவதில்லை. பலகையில் அவர் பெயர் கோட்டுக்கு அடியில், 'மோசடி' என்ற சொல்லோடு இருக்கிறது. அவருடைய வீடியோவை இன்னும் நிறையப் பேர் பார்க்கிறார்கள். கடை ஓய்ந்த நேரத்தில் லோர்னாவும் பார்க்கிறார். கொட்டகையில் அந்தக் காகிதத்தை ஒட்டியது யார் என்று இன்றுவரை தெரியாது. வண்டியின் முன்கண்ணாடியில் பசைத் தடம் அப்படியே இருக்கிறது.